எலும்பு என்று நினைத்தேன்

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் பதினான்கு வருடமாக எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். கம்ப்யூட்டரில் எடை விழும். சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். இவ்வளவுதான் என் வேலை. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

யார்டு என்றால் நாய் இல்லாமல் இருக்காது. டிரைவர்கள் வரிசையில் ஒரு நாள், ஒன்றரை நாள் காத்துக் கிடப்பார்கள். வண்டி நிழலிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைப்பார்கள், மிச்சத்தை நாய்க்குப் போடுவார்கள். சோறு போட ஆள் உண்டு, புண்ணைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒரு பெட்டை நாயின் காது முழுக்க உண்ணி அடைத்து, அது தலையைச் சாய்த்தபடியே நடந்து திரிந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது. பூச்சி மாத்திரையை மத்தி மீன் தலைக்குள் செருகிக் கொடுப்பேன். வெயில் காலத்தில் தார் சூட்டில் வெடித்த பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். எண்ணூர் அனல் மின்நிலையப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் சாம்பல் தூள் பறந்து வந்து அவற்றின் கண்ணோரம் சேரும். வெந்நீரை ஆறவைத்து, பஞ்சில் நனைத்துத் துடைத்து விடுவேன். எடைமேடை அறையில் ஒரு சாம்பல் நிறப் பூனையும் இருந்தது. அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பசித்தால் நாய்த் தட்டிலேயே வாய் வைக்கும்.

கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா நாஷ்டா கடை போடுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள். ஆப்பமும் வடகறியும். டிரைவர்களும் நானும் அவள் வாடிக்கை. அவளுக்கு நாய்கள் மேல் பிரியமா எரிச்சலா என்று யாரும் சொல்ல முடியாது. "கலீஜ் புடிச்சதுங்க" என்று திட்டிக்கொண்டே கருகிய ஆப்பங்களை அவற்றுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள்.

அவள் கடைக்கு அடியில் வந்து படுக்க ஆரம்பித்ததுதான் செவலை. கடற்கரைப் பக்கமிருந்து வந்த நாய். காதில் கருத்தடை செய்த வெட்டு அடையாளம் இல்லை. அதனால் மாநகராட்சி ஆட்கள் அதைப் பிடித்ததில்லை என்று தெரிந்துகொண்டேன். வயது மூன்று, நான்கு இருக்கலாம். யாரையும் பார்த்துக் குரைக்காது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் எழுந்து, மற்ற நாய்களைத் தள்ளிக்கொண்டு ஓரம் போகும். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று டிரைவர்களே பேசிக்கொள்வார்கள்.

அந்த வருடம் யார்டு நாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட ஒருவரை வரவழைத்தேன். நான்கு நாய்களைப் பிடித்து ஊசி போட்டோம். செவலை மட்டும் டிரெய்லருக்கு அடியில் புகுந்து, சக்கரங்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தோம். கறித் துண்டு காட்டினோம். வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி போட வந்தவருக்குப் போக வேண்டிய வேறு இடமும் இருந்தது.

"இன்னொரு நாள் வரட்டுமா?" என்று கேட்டார்.

"அது எங்க போகப் போவுது? அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றேன்.

நான் சொன்னதுதான். வேறு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, செவலையின் மூக்குக்கு மேலே கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. கேட் வாட்ச்மேன்தான் பார்த்திருக்கிறார். ரோட்டோடு வந்த ஒரு வெளி நாய், காரணமே இல்லாமல் பாய்ந்து கடித்துவிட்டு அப்படியே எண்ணூர் பக்கமாக ஓடிவிட்டது என்றார். எனக்குப் புண் மட்டும்தான் கண்ணில் பட்டது. ஒன்பது நாள் காலையும் மாலையும் உப்புநீரால் கழுவி மருந்து போட்டேன். பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. அக்காவிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் அதன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "டாக்டரம்மா தோத்தாங்க போ," என்றாள். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடித்த நாய் என்ன நாய் என்று யோசிக்கவேயில்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். செவலை இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை. எடைமேடை அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே இருட்டில் போய் உட்கார்ந்திருந்தது. வெயிலால் இருக்கும் என்று விட்டேன். மூன்றாம் நாள் காலை அதுவாகவே வெளியே வந்தது. வாய் பாதி திறந்தபடி தொங்கியது. கீழ்த்தாடையைத் தூக்க அதனால் முடியவில்லை. கோழை நூல்போல வழிந்து நெஞ்சு மயிரை நனைத்திருந்தது. நாய்களுக்காக அறுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் குடிக்கப் போனது. முகத்தையே தண்ணீருக்குள் வைத்தது. நாக்கு அசைந்தது, தண்ணீர் உள்ளே போகவில்லை. தலையைத் தூக்கியதும் எல்லாம் வெளியே கொட்டியது. மறுபடியும் வைத்தது.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு," என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். முன்னொரு தடவை பெட்டை நாய்க்கு அப்படி ஆகி, நானே விரல் விட்டு எடுத்திருக்கிறேன். அந்தத் தைரியம்.

அவர் டார்ச் அடித்தார். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, இடது கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வாய்க்குள் விட்டேன். செவலை எதிர்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கின் அடியில் தடவினேன், பல்லிடுக்கில் தடவினேன், இரண்டு விரலைத் தொண்டை வரைக்கும் விட்டுப் பார்த்தேன். எலும்பும் இல்லை, முள்ளும் இல்லை. கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை கோழை. சுடிதார் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

தெரிந்த டிரைவர் ஒருவரின் குட்டியானை வண்டியில் ஏற்றி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தண்டையார்பேட்டை தாண்டும் வரை நெரிசல். செவலை வண்டியின் பின்பக்கம் சாக்கின்மேல் கிடந்தது. நான் அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குலுக்கலில் அதன் தலை என் மடியில் சரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அங்கே இருந்த டாக்டர் இளவயதுப் பெண். நாயை வண்டியிலிருந்து இறக்க விடவில்லை. வண்டியின் ஓரத்தில் நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாய்க்குள்ள யாராவது கை விட்டீங்களா?"

"நான்தான். எலும்பு இருக்கான்னு பாத்தேன்."

"கையில காயம் ஏதாவது இருக்கா?"

பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, முந்தின நாள் சீட்டுப் புத்தகத்தின் கம்பி கிழித்த கோடு. அதைக் காயம் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

"நாயை அப்புறம் பாப்போம். முதல்ல வாங்க," என்றார். வெளியே இருந்த குழாயடிக்கு அழைத்துப் போய், சோப்பைக் கொடுத்து, குழாயைத் திறந்துவிட்டார். ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நின்றார். நான் கழுவக் கழுவ அவர் நிதானமாகச் சொன்னார். வெறி பிடித்த நாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். சில நாய்களுக்கு அப்படி வராது. அமைதியாகிவிடும், இருட்டைத் தேடும், தாடை செயலிழந்து தொங்கும். பார்ப்பவர்களுக்கு எலும்பு சிக்கியது போலவே இருக்கும். பாசமாக வளர்த்தவர்கள்தான் கையை விடுவார்கள்.

"அப்போ இதுக்கு மருந்து?"

"இந்த நிலையில இல்லம்மா. நாய்க்கும் இல்ல, மனுஷனுக்கும் இல்ல. வர்றதுக்கு முன்னாடிதான் தடுக்க முடியும். இதுக்கு ஊசி போட்டிருந்தீங்களா?"

சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல," என்றேன். மேலே ஏதோ சொல்ல வாய் வந்தது. டிரெய்லர், வெயில், வந்தவருக்கு வேறு இடம். மறுபடியும் சோப்பை எடுத்துத் தேய்த்தேன்.

செவலையைத் தனிக் கூண்டில் வைத்தார்கள். இரண்டொரு நாளில் முடிந்துவிடும், அதுவரை தொந்தரவில்லாமல் இருட்டாக வைத்திருப்போம் என்றார் டாக்டர். கம்பிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும் விட்டார்கள். அது மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டேன். காது மட்டும் பின்னால் திரும்பியது. அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "கடந்த பத்து நாள்ல இது யாரையாவது கடிச்சதா, பிராண்டிச்சா? நல்லா விசாரிங்க. மறைச்சிருப்பாங்க."

வண்டியில் இருந்தபடியே வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன். இல்லை என்றார். அக்காவுக்குச் செய்தேன். அதையே கேட்டேன். ஆப்பச்சட்டி மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா?"

"மூணு நாளு முன்னாடி. இருட்டுல குந்திகினு இருந்துச்சேன்னு தட்ட நகத்தி வெச்சேன். லைட்டா புடுச்சிச்சு கையில. பெருசா ஒண்ணியும் இல்ல."

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா அத்த தூக்கிகினு பூடுவாங்க. அது வேணும்னு கடிக்கல தங்கச்சி. சுண்ணாம்பு வெச்சேன். நம்ம தெரு மசூதியில ஓதி கயிறு கூட கட்டிட்டேன். சரியாப் பூடும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. நேராகக் கடைக்கே போனேன். மத்தியான நேரம், ஆள் இல்லை. வலது புறங்கையில் இரண்டு பல் தடம், மேலே காய்ந்த சுண்ணாம்பு. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போய், துணி சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தவள். கடையை யார் பார்ப்பது, தொப்புளைச் சுற்றிப் பதினாறு ஊசி போடுவார்களாமே என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னாள். இப்போது கையில்தான் போடுகிறார்கள், நான்கே தடவைதான் என்றேன். அதற்கும் அசையவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். "அக்கா, நானும் அதோட வாயில கை வுட்டுட்டேன். எனக்கும் ஊசி போடணும். தனியாப் போக பயமா கீது."

நிமிர்ந்து பார்த்தாள். என் கையை இழுத்து, கட்டைவிரல் கோட்டைத் தடவப் போய், பிறகு தொடாமல் நிறுத்திக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். மாவுக் குண்டானை மூடி, மேலே கல்லை வைத்தாள்.

"இன்னாத்துக்கு பயப்படற? வா, போலாம்," என்றாள்.

அரசு மருத்துவமனையில் அவளுடைய கடிகாயத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிறகு இருவருக்கும் கையில் ஊசி. அதோடு முடியவில்லை. காயத்தைச் சுற்றியே தனியாக ஒரு மருந்தைச் செலுத்த வேண்டும் என்றார்கள். விரலுக்கடியில் அந்த ஊசி போனபோது எனக்குக் கண் இருட்டியது. அக்காவுக்கு நான்கைந்து இடத்தில் குத்தினார்கள். என் தோளைப் பிடித்திருந்த அவள் மற்றக் கை மட்டும் இறுகிக்கொண்டே போனது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வாட்ச்மேனையும் அனுப்பி ஊசி போட வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் போன் செய்தார். விடியும்போதே செவலை இறந்துவிட்டது. மேடையில் ஒரு நாற்பதடி கன்டெய்னர் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். எடையைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். இன்னும் மூன்று வண்டிக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நான்கு நாளில் பரிசோதனை முடிவும் வந்தது. டாக்டர் நினைத்தது சரி.

யார்டு முழுக்கச் செய்தி பரவியது. முந்தின வாரம் வரை சோறு போட்ட டிரைவர்கள் கையில் ஜாக்கி ராடோடு நடந்தார்கள். யாரோ எறிந்த கல்லில் பெட்டை நாயின் முன்கால் வீங்கியது. மேனேஜர் என்னையும் வாட்ச்மேனையும் கேட்டருகே கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்திருந்தார்.

"எல்லாத்தையும் பிடிச்சு எங்கயாவது தூரமா விட்டுடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

டாக்டரிடம் நான் இதைக் கேட்டு வைத்திருந்தேன். பதிலும் தெரியும். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. ஊசி போடாமல் விட்டது நான் என்று தெரிந்த வாட்ச்மேன் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் கட்டோடு அக்கா கடையிலிருந்து எழுந்து வந்தாள்.

"கடிச்சது என்னத்தான் சார். நானே சும்மா கீறேன். மிச்சம் கீற நாலும் ஊசி போட்டதுங்க. அதுங்கள தொரத்திட்டா அந்த எடம் காலியாவா இருக்கும்? ஊசி போடாதது எதுனா வந்து குந்திக்கும். அப்ப யாரு பதில் சொல்றது?"

நான் அவளிடம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது சொன்னதுதான். அவள் சொன்னபோது அதற்கு வேறு கனம் இருந்தது. மேனேஜர் அவள் கைக்கட்டைப் பார்த்தார். "ஒரு வாரத்துல எல்லாத்துக்கும் மறுபடி ஊசி போட்டு, பேப்பரை எங்கிட்ட குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டாக்டரே இரண்டு உதவியாளர்களோடு வந்தார். செவலையோடு பழகியதால், ஏற்கெனவே ஊசி போட்ட நாய்களுக்கும் மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை ஊசி போட வந்தவர்களை நான் திருப்பி அனுப்பவில்லை. ஒரு கறுப்பு நாய் அதேபோல் டிரெய்லருக்கு அடியில் போனபோது, டிரைவரிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வாட்ச்மேனை வண்டி முன்னால் நிறுத்திவிட்டு, கிரீஸும் மண்ணுமாகத் தவழ்ந்து உள்ளே போனேன். கயிறு மாட்டி இழுத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. ஒரே தட்டில் சாப்பிட்ட பூனைக்கு ஒரு ஊசி போதாது, ஐந்து ஊசி போட வேண்டும், மாதக்கணக்கில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பழைய ஆவணம் வைக்கும் சின்ன அறையில் வலையடித்து அடைத்தோம். அது இரவு பகலாகக் கத்தியது. நான் சாப்பாடு வைக்கக் கையுறை மாட்டிக்கொண்டு போனால் மூலையில் பதுங்கிச் சீறும். அதற்கு நான் செய்வது பாதுகாப்பு என்று எப்படித் தெரியும்? ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறந்துவிட்டபோது, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கூரைமேல் ஏறிப் போய்விட்டது. அதற்கப்புறம் என் அறைக்கு வருவதே இல்லை. வாட்ச்மேன் உட்காரும் கூண்டில் படுத்துக்கொள்கிறது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தைப் பற்றி வெளியே யாரிடமும் பேசியதில்லை. ஊசி போட்டாகிவிட்டது, நேரத்துக்குப் போட்டால் வராது என்று நாய் டாக்டரும் ஆஸ்பத்திரி டாக்டரும் சொல்லிவிட்டார்கள். புத்திக்குத் தெரிந்தது. ஆனால் காலையில் தலை வலித்தால் உடனே கட்டைவிரலைப் பார்ப்பேன். தண்ணீர் குடிக்கும்போது தொண்டையையே கவனிப்பேன். செவலை தண்ணீரில் முகத்தை வைத்தது ஞாபகத்துக்கு வந்து, ஒரு வாய் விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு சொம்பு தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு, செருப்பு மாட்டும் சாக்கில் வாசலிலேயே நிற்பார். நான் குடித்து முடித்த பிறகுதான் போவார். பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்கே அது புரிந்தது.

அக்காவுக்கும் அதே பயம் என்பது அவள் போனில் தெரிந்தது. காலையில் ஆறு மணிக்குக் கூப்பிடுவாள்.

"தண்ணி குட்ச்சியா?"

"குடிச்சேன். நீ?"

"ஆச்சு."

அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. நர்ஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டு, "முடிஞ்சுதும்மா," என்றாள். இருவரும் பஸ்ஸில் ஏறினோம். டோல்கேட் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. பிறகு பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தது. அக்காவின் புறங்கையில் தடம் வெள்ளையாக மாறியிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்த எங்க பொதச்சாங்க?"

பரிசோதனைக்குத் தலையை எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். மிச்சத்தை எரிப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

"நான் கேக்கலக்கா," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. கொஞ்ச தூரம் போன பிறகு, "கேட்டு வெச்சிருக்கலாம். சரி வுடு," என்றாள்.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அரிசி ஊறப் போட்டிருப்பதாகவும், கரண்ட் போவதற்குள் அரைத்துவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.